போக்கிடம் தந்த டாக்டர் அம்மையார்

கணவன் வீட்டில் அடிபட்டு, நடு இரவில் தெருவில் இறங்கிய பெண் எங்கே போவாள்? பிறந்தகத்துக்குப் போனால் இரண்டு நாள் சோறு போட்டு, மூன்றாம் நாள் புத்திமதி சொல்லித் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அண்டை அயலார் கதவைத் திறக்கத் தயங்குவார்கள். புருஷன் பெண்சாதி சண்டையில் நமக்கு என்ன வேலை என்று விளக்கை அணைத்துக்கொள்வார்கள். நம் பாட்டிமார் காலத்தில் இப்படிப்பட்டவர்களுக்குத் தெரிந்த வழிகள் இரண்டே. வாயை மூடிக்கொண்டு உள்ளே திரும்புவது ஒன்று. ஊர்க் கிணறு மற்றொன்று.

மூன்றாவது வழி ஒன்றைத் தமிழ்நாட்டில் திறந்து வைத்தவர்களில் முன்னணியில் நின்றவர், புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அந்நாளிலேயே டாக்டரான பெண்மணி, சட்டசபையில் அமர்ந்த முதல் பெண்மணி, அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியைக் கண்டவர் என்றெல்லாம் அவரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால், போக்கற்ற பெண்ணுக்கு முதலில் ஒரு வீடு வேண்டும், அந்த வீட்டைத் தாங்கிப் பிடிக்க நாலு பேர் வேண்டும் என்பதை அவர் எவ்வாறு கண்டுகொண்டார் என்பது அத்தனை பேருக்குத் தெரியாது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

அம்மன் காசு வழங்கிய ஊர்

புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். தொண்டைமான் மன்னர்கள் ஆண்டு வந்தார்கள். திருக்கோகர்ணத்தில் கோயில் கொண்டிருக்கும் பிரகதாம்பாள் அவர்களுடைய குலதெய்வம். சமஸ்தானத்தின் செப்புக் காசிலும் அம்மனின் திருவுருவம்தான். அதனால் அதற்கு அம்மன் காசு என்றே பெயர். பெண்ணைக் காசிலே தெய்வமாகப் பொறித்து வணங்கிய அந்த நாளில், சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கமும் தமிழ்நாடெங்கும் நிலவியது. பொட்டுக் கட்டிய பெண்ணுக்குக் கல்யாணம் கிடையாது. நம்முடைய ஆடலும் பாடலும் அவளிடம்தான் வளர்ந்தன என்பது உண்மை. அவளுடைய குழந்தைகள் ஊரார் முன்னிலையில் தகப்பன் பெயரைச் சொல்லக் கூசி நின்றார்கள் என்பதும் உண்மையே.

முத்துலட்சுமி 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி பிறந்தார். தகப்பனார் நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் தலைமைப் பதவி வகித்த கல்விமான். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தவர். அந்தக் குலத்துப் பெண்ணோடு வாழத் துணிந்ததற்காக ஐயரை அவருடைய சுற்றத்தார் ஒதுக்கி வைத்தார்கள். ஊர் எப்படி ஒரு வீட்டைத் தள்ளி வைக்கும் என்பதை முத்துலட்சுமி யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அது அவருடைய சொந்த வீட்டு வாசலிலேயே நடந்தது.

பெண்ணுக்குக் காலா காலத்தில் ஒரு கல்யாணத்தைச் செய்து வைத்துவிட வேண்டும் என்பது தாயாரின் ஆசை. தகப்பனாரோ மகளைப் படிக்க வைப்பதில் உறுதியாக இருந்தார். வயது வந்த பெண் பள்ளிக்கூடம் போகக் கூடாதென்று ஊர் சொன்ன பிறகு, வீட்டிலேயே பாடம் நடந்தது. 1902-ல் முத்துலட்சுமி மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறினார். அதற்கு மேல் படிக்க ஊரில் இருந்தது மகாராஜா கல்லூரி ஒன்றுதான். அது ஆண்பிள்ளைகள் கல்லூரி. அங்கே ஒரு பெண்ணா என்று எதிர்ப்புக் கிளம்பியது. இன்ன குலத்துத் தாய்க்குப் பிறந்த பெண் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இந்த ஆட்சேபங்களைத் தள்ளிவிட்டு, 1904-ல் அவரைச் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார். மூடிய வண்டியில் போய், வகுப்பில் திரை மறைவில் உட்கார்ந்து, பாடம் கேட்டு வந்தார் அந்தப் பெண். ஒரு கல்லூரிக் கதவு திறப்பதற்குத் தகப்பனாரின் பிடிவாதமும் மன்னரின் கையெழுத்தும் சேர்ந்தே வேண்டியிருந்தன என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அம்மையார் பிற்காலத்தில் செய்த காரியங்கள் அனைத்திலும் இதே ஏற்பாட்டைக் காணலாம்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் பதக்கங்களும் பரிசுகளுமாகப் பட்டம் பெற்றார். சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக அமர்ந்த முதல் பெண்மணியும் அவரே.

நிபந்தனையோடு ஒரு கல்யாணம்

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டி அவரை மணக்க விரும்பினார். முத்துலட்சுமி உடனே தலையை ஆட்டிவிடவில்லை. தம்மைச் சரிசமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். மாப்பிள்ளை சம்மதித்தார். 1872-ஆம் ஆண்டுக் கல்யாணச் சட்டப்படி, அடையாற்றில் பிரம்மஞான சபை வளாகத்தில் மணம் நடந்தது. வரதட்சிணைப் பேச்சும் சீர்வரிசைக் கணக்குமாகக் கல்யாணங்கள் நடந்து வந்த காலத்தில், மரியாதையை நிபந்தனையாகக் கேட்ட பெண் இவர் ஒருவர்தானோ என்னவோ! கணவரும் கடைசி வரை சொன்ன சொல் தவறவில்லை. மனைவி மேல்நாட்டுக்குப் படிக்கப் போனபோதும், சட்டசபைக்குப் போனபோதும் உறுதுணையாக நின்றார்.

தம் வீட்டில் கிடைத்த இந்த மரியாதை ஊரில் மற்றப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை என்பதை டாக்டர் அம்மையார் தினமும் கண்ணெதிரே கண்டார். பெண்கள் ஆண் டாக்டரிடம் வாய் திறவாத காலம் அது. பொம்மை வைத்து விளையாட வேண்டிய வயதில் பிள்ளை சுமந்து வந்த சிறுமிகளையும், குறைப் பிரசவத்திலும் பிரசவ ஜன்னியிலும் மாண்டவர்களையும் அந்நாளைய பெண் டாக்டர்கள் அன்றாடம் பார்த்தார்கள். மருந்தைக் கலந்து கொடுத்துவிட்டு, அதே வீட்டுக்குத் திரும்ப அனுப்புவதில் என்ன பயன் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? கல்யாண வயதை உயர்த்த வேண்டும் என்று அம்மையார் பிற்பாடு வாதாடியதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

சட்டசபையில்

1917-ல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் அதற்கு முன்னின்றவர்கள். முத்துலட்சுமி அதில் முக்கிய அங்கத்தினர் ஆனார். 1926-ல் அவர் பெண்கள், குழந்தைகள் நோய் பற்றி லண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பிய பின், சங்கத்தின் முயற்சியால் சென்னைச் சட்டசபைக்கு நியமன அங்கத்தினர் ஆக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை ஏறிய முதல் பெண்மணி அவர்தான். சபையின் உபதலைவராகவும் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1927-ல் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் சபையில் கொண்டுவந்தார். காந்தியடிகள் தம்முடைய யங் இந்தியா பத்திரிகையில் அதை ஆதரித்து எழுதினார். அதே குலத்தில் பிறந்து, ஊர் ஊராகச் சென்று மேடையேறிப் பேசிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் வெளியில் வேலை செய்தார். எதிர்ப்பும் பலமாகவே இருந்தது. சபையிலே சத்தியமூர்த்தி போன்ற பெரியவர்கள் எதிர்த்தார்கள். திருவையாற்றில் தியாகையர் சமாதிக்குக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலிய பெண்களே எதிர்த்தார்கள். அவர்களுடைய வாதத்தையும் நாம் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. சொத்தும் வித்தையும் பெண் வழியாக இறங்கிய ஒரு குலம் அது. வழக்கத்தை ஒழிக்கிறோம் என்று எங்கள் சொத்தையும் கலையையும் சேர்த்து ஒழித்துவிடாதீர்கள் என்பது அவர்கள் கேட்டதன் சாரம். அந்த அச்சம் முழுதும் வீண் என்று இன்றைக்கும் யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள்.

ஆனால் அம்மையார் முதலில் கை வைத்த இடம் எது என்று பார்க்க வேண்டும். கோயிலில் ஊழியம் செய்வதற்காக அந்தப் பெண்களுக்கு மானிய நிலம் விடப்பட்டிருந்தது. ஊழியத்தை விட்டால் நிலமும் போய்விடும். நிலம் போனால் சோறு போய்விடும். ஆகவே தாய் விலக நினைத்தாலும், நிலத்தைக் காப்பாற்ற மகளுக்குப் பொட்டுக் கட்டியாக வேண்டும். 1929-ல் இந்து அறநிலையச் சட்டத்தில் அம்மையார் கொண்டுவந்த திருத்தம் இந்தக் கட்டை அறுத்தது. ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் பெண்ணுக்கே நிற்கும் என்று ஏற்பாடாயிற்று. வெளியே வா என்று ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்லும் முன், வெளியே வந்தால் அவள் எதைத் தின்பாள் என்று யோசித்த சட்டம் அது. தாலியும் அடியுமாக வாழும் பெண்கள் ஏன் வீட்டை விட்டு வெளியேறவில்லை என்று இன்றும் சிலர் சுலபமாகக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது.

பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவையும் அவர் கொண்டுவந்தார். அது நிறைவேறுவதற்குள் 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. காந்தியடிகளைக் கைது செய்ததைக் கண்டித்து அம்மையார் சட்டசபைப் பதவியைத் துறந்தார். மசோதா சட்டமானது 1947-ல்தான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சென்னைச் சட்டசபை என்ன சட்டம் செய்தாலும் அது அம்மையாரின் சொந்த ஊரான புதுக்கோட்டையில் செல்லாது. அது தனிச் சமஸ்தானமாயிற்றே! 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய யூனியனில் சேர்ந்த பிறகே அந்த எல்லைக்கோடு அழிந்தது.

கதவைத் தட்டியவர்கள்

பதவி துறந்த அதே 1930-ல்தான் அந்தச் சம்பவம் நடந்தது. பொட்டுக்கட்டும் வாழ்க்கைக்கு உடன்படாமல் வீட்டை விட்டு வந்த இளம் பெண்கள் சிலர் அம்மையாரை நாடி வந்தார்கள். கல்யாணம் செய்துகொண்டு, படித்து, மற்றவர்களைப் போல வாழ வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சென்னையில் இருந்த விடுதிகள் மறுத்துவிட்டன. காரணம் பிறப்பு.

வாசகர்கள் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பெண்களுக்கென்று அன்று சென்னையில் விடுதிகள் இல்லாமல் இல்லை. சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் பால்ய விதவைகளுக்கு விடுதி நடத்தினார். மகத்தான தொண்டு, ஆனால் அது பிராமண விதவைகளுக்கென்றே ஏற்பட்டது. கிறிஸ்தவ மிஷன் இல்லங்கள் இருந்தன. அங்கே போனால் மதம் மாற வேண்டியிருக்குமோ என்று பலர் அஞ்சினர். ஒவ்வொரு கதவும் யாரோ ஒரு வகைப் பெண்ணுக்காகத் திறந்திருந்தது. எந்த வகையிலும் சேராத பெண் வாசலில் நின்றாள். இன்ன குலம், இன்ன காரணம் என்று விசாரிக்காமல் திறக்கும் கதவு ஒன்றும் இல்லை.

அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். சட்டசபையில் மூன்றரை ஆண்டு பேசியும் செய்ய முடியாத வேலையை ஒரு கூடமும் நாலு பாயும் செய்தன. அதுவே அவ்வை இல்லத்தின் பிறப்பு. தனித்து வாழ்ந்து, அரசர்களுக்கும் ஏழைகளுக்கும் புத்தி சொன்ன தமிழ்க் கிழவியின் பெயரை அதற்கு இட்டார். அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திராது.

பொட்டுக்கட்டுக்குத் தப்பி வந்தவர்களோடு அது நின்றுவிடவில்லை. அனாதைச் சிறுமிகளும், திக்கற்ற பெண்களும் ஜாதி வித்தியாசம் இல்லாமல் அங்கே இடம் பெற்றனர். சோறும் துணியும் கொடுத்தால் போதும் என்று அம்மையார் நினைக்கவில்லை. எழுத்தறிவு, கைத்தொழில், ஆசிரியைப் பயிற்சி, நர்ஸ் பயிற்சி என்று ஒவ்வொரு பெண்ணும் தன் காலில் நிற்க வழி செய்தார். தங்குவதற்கு இடம் கொடுப்பது பாதி வேலை. அங்கிருந்து பயமின்றி வெளியே போக வைப்பதே மறுபாதி என்பது இல்லத்தின் ஏற்பாட்டிலேயே தெரிந்தது. பின்னர் இல்லம் அடையாறு பெசன்ட் அவென்யூவில் நிலைபெற்றுப் பள்ளிக்கூடமும் சேர்ந்து வளர்ந்தது.

இதை ஒருவராகச் செய்ய முடியுமா? முடியாது என்பதை அம்மையாரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. டாக்டர் தம்பதிகளின் சம்பாத்தியம் ஒரு பக்கம். மாதர் சங்கத்துத் தோழிகளின் உழைப்பு ஒரு பக்கம். தர்மவான்களின் நன்கொடை ஒரு பக்கம். விபசார விடுதிகளை ஒழிக்கும் சட்டம் 1930-ல் சென்னை ராஜதானியில் நிறைவேறியபோதும் இதே பிரச்சினை தலை தூக்கியது. போலீசார் ஒரு பெண்ணை மீட்டு வருகிறார்கள். நீதிபதி உத்தரவு போடுகிறார். அன்று இரவு அவள் எங்கே படுப்பாள்? சென்னையில் விஜிலென்ஸ் சங்கத்தார் நடத்திய ஸ்திரீ சதனம் போன்ற இல்லங்கள் இருந்ததால்தான் அந்தச் சட்டத்துக்குக் கையும் காலும் முளைத்தன. லேடி வெங்கடசுப்பராவ் தம் கணவருடன் சேர்ந்து 1928-ல் தொடங்கிய மதராஸ் சேவாசதனமும் இந்த வரிசையில் சேர்ந்தது. போலீஸ், கோர்ட்டு, ஆஸ்பத்திரி, விடுதி, பள்ளிக்கூடம் என்ற ஐந்தும் ஒரே பெண்ணுக்காகக் கை கோத்தாக வேண்டும் என்ற பாடம் அன்றே படிக்கப்பட்டுவிட்டது.

அம்மையாரின் வீடு உறவினர்களுக்கும் திறந்தே இருந்தது. பின்னாளில் திரையுலகில் கொடி கட்டிப் பறந்த ஜெமினி கணேசன் அவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளைதான். அவருக்கு அம்மையார் அத்தை. சினிமா ரசிகர்களில் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம்.

இரண்டாவது கட்டடம்

1923-ல் அம்மையாரின் தங்கை புற்றுநோயால் மாண்டார். அந்தத் துயரம் 30 ஆண்டுகள் அவருடைய நெஞ்சில் கிடந்தது. இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் நிதி திரட்டி, 1952 அக்டோபரில் பிரதமர் நேருவைக் கொண்டு அடிக்கல் நாட்டச் செய்து, 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்தார். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதற்குத் தூணாக நின்றார். அதன் வரலாறு தனியாகச் சொல்ல வேண்டியது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றே: அவ்வை இல்லத்தைப் போலவே இதுவும் சங்கமும் சர்க்காரும் பொதுமக்களும் சேர்ந்து கட்டியது.

இந்தக் கூட்டு முறையை மத்திய சர்க்காரும் ஏற்றுக்கொண்டது. 1953-ல் துர்காபாய் தேஷ்முக் அம்மையாரின் தலைமையில் மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. நல்ல தொண்டு ஸ்தாபனங்களைக் கண்டுபிடித்து, அவற்றுக்குப் பணம் கொடுத்து வேலை வாங்குவது அதன் நோக்கம். மாநில வாரியத்தின் முதல் தலைவியாக முத்துலட்சுமி அம்மையார் பொறுப்பேற்றார். 1983 முதல் குடும்ப ஆலோசனை மையங்களுக்குப் பொருளுதவி செய்ததும் அந்த மத்திய வாரியம்தான். வாரியம் 2022-ல் மூடப்பட்டுவிட்டது.

1956-ல் பத்மபூஷண் விருது அம்மையாரைத் தேடி வந்தது. 1968 ஜூலை 22-ஆம் தேதி, 82-ஆவது பிறந்த நாளுக்கு எட்டு நாள் இருக்கையில், அவர் காலமானார். அவ்வை இல்லம் இன்றும் அடையாற்றில் நடந்து வருகிறது.

புருஷன் கையால் அடிபடும் பெண்ணைப் பற்றித் தனிச் சட்டம் என்று ஒன்று அவர் காலத்தில் இல்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் அமலுக்கு வந்தது. அதைப் படித்தால் அவ்வை இல்லத்தின் நினைவு வராமல் போகாது. அதன்படி, தொண்டு ஸ்தாபனங்கள் சர்க்காரிடம் பதிவு செய்துகொண்டு, பாதிக்கப்பட்ட பெண்ணின் புகாரை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பலாம். பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் கோர்ட்டுக்கும் பெண்ணுக்கும் நடுவே நின்று உதவுவார். வீடு யார் பெயரில் இருந்தாலும், தான் குடித்தனம் நடத்திய வீட்டில் வசிக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு. 1929-ல் மானிய நிலத்துக்குச் செய்த அதே ஏற்பாட்டின் சாயல் இதில் தெரிகிறதல்லவா?

தமிழ்நாட்டில் 1992 முதல் மகளிர் காவல் நிலையங்கள் ஏற்பட்டிருக்கின்றன. 1974-ல் தனி மாவட்டமாகிவிட்ட புதுக்கோட்டையிலும் மற்ற மாவட்டங்களிலும் வைத்தியம், தற்காலத் தங்கல், வக்கீல் ஆலோசனை ஆகியவற்றை ஒரே இடத்தில் தரும் மையங்கள் உள்ளன. 181 என்ற எண்ணுக்கு எந்த நேரத்தில் போன் செய்தாலும், பெண்களுக்கு வழி சொல்ல ஆள் இருக்கிறார்கள். புகார் எழுதவில்லை என்ற காரணம் காட்டி ஆஸ்பத்திரி சிகிச்சையை மறுக்கக் கூடாது. தங்கும் இல்லத்தில் சேர்ந்த பெண் கேட்டுக்கொண்டால், அவள் அங்கே இருப்பதை இல்லத்தார் வெளியே சொல்லக் கூடாது. தேடி வருகிறவன் புருஷனே ஆனாலும் சரி.